குழைதல்: ஒரு ஹரீஸ் பானைக்குள் நடப்பவை

ஹரீஸுக்கு வேண்டிய சாமான்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கோதுமை, ஆட்டுக்கறி, உப்பு, தண்ணீர், மேலே ஊற்றக் கொஞ்சம் நெய். வெங்காயம் வதக்க வேண்டாம், இஞ்சி பூண்டு அரைக்க வேண்டாம், மிளகாய் கிடையாது. விருப்பப்பட்டவர்கள் ஒரு துண்டுப் பட்டை போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான். இருந்தும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஓமானிலும் சவூதி அரேபியாவிலும் திருமணம், பெருநாள், நோன்பு துறப்பு என எந்த விசேஷத்திலும் இந்த உணவுக்குத் தனி இடம் உண்டு. 2023ஆம் ஆண்டு இம்மூன்று நாடுகளின் ஹரீஸ் சமைக்கும் அறிவையும் திறனையும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நான் முதன்முதலில் வீட்டில் ஹரீஸ் செய்தபோது சாமான் எதிலும் குறை வைக்கவில்லை. கடையில் கிடைத்த முழுக் கோதுமையைக் கழுவி, கறியோடு சேர்த்துப் பானையில் இட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டேன். கறி வெந்தது. கோதுமை மட்டும் மணிமணியாக நின்றது. மத்தை எடுத்துக் கடைந்தேன். மணிகள் மத்துக்கு அகப்படாமல் நழுவி ஓடின. தட்டில் வந்தது கறிக்குழம்பில் மிதக்கும் கோதுமை. எல்லாப் பொருளும் பானைக்குள் இருந்தும் ஹரீஸ் மட்டும் அங்கே வரவில்லை.

காரணம் பின்னால்தான் விளங்கியது. கோதுமை மணியும் ஆட்டின் தசையும் கலையாமல் இருப்பதற்காகவே இயற்கை கட்டிய கட்டுமானங்கள். ஒன்று அடுத்த தலைமுறைக்கான உணவைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டகம். மற்றொன்று ஓர் உடலின் பாரத்தை இழுக்கும் கயிற்றுக் கற்றை. இரண்டையும் மூலக்கூறு அளவில் அவிழ்த்து, ஒன்றாகக் குழைத்தால்தான் ஹரீஸ். அவிழ்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு: தோல் நீக்கல், ஊறல், வேக்காடு, அடி. முந்தைய படி முடியாமல் அடுத்த படி பலிக்காது. அந்த வரிசையைத்தான் இந்த அத்தியாயம் பின்தொடர்கிறது.

இடித்தல் என்றொரு வினை

'ஹரஸ' என்ற அரபு வினைக்கு இடித்து நசுக்குதல் என்று பொருள். ஹரீஸ் என்றால் இடித்து மசித்தது. துனீசியாவின் ஹரிஸா என்னும் மிளகாய் விழுதுக்கும் இதே வேர்தான். அதுவும் இடித்துச் செய்வதே. உணவுக்குப் பெயர் தந்தது அதில் சேரும் பொருளன்று, அதைச் செய்யும் கையின் வேலை. நாம் 'கடையல்' என்கிறோமே, அதைப் போல.

கோதுமையும் செம்மறியும் மனிதரோடு வாழத் தொடங்கியது ஏறத்தாழ ஒரே நிலப்பகுதியில்தான். இன்றைய ஈராக், சிரியா, தென்கிழக்குத் துருக்கி வழியாக வளையும் 'வளமான பிறை' என்னும் அப்பகுதியில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் வசப்பட்டன. அவை ஒரே பானைக்குள் எப்போது சேர்ந்தன என்பதற்கு நாள் குறிக்க முடியாது. ஆனால் 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே இந்த உணவு ஹரீஸா என்ற பெயரில் இடம்பெற்றுவிட்டது. 1226இல் அதே நகரில் எழுதப்பட்ட அல்-பாக்தாதியின் நூலிலும் உண்டு.

அந்தக் காலத்து நகரங்களில் ஹரீஸா கடைச்சரக்காகவும் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் அல்-ஷைஸரீ எழுதிய சந்தைக் கண்காணிப்புக் கையேட்டில் ஹரீஸா செய்பவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. கோதுமைக்கு எவ்வளவு இறைச்சி என்ற கணக்கு அதில் பேசப்படுகிறது. அந்தக் கவலையில் ஓர் அறிவியல் உண்மை ஒளிந்திருக்கிறது. நன்றாக அடித்துக் குழைத்த ஹரீஸில் இறைச்சி எது, கோதுமை எது என்று கண் பிரித்தறியாது. குறைத்துப் போட்டாலும் வாங்குபவருக்குத் தெரியாது. இரண்டும் அத்தனை தூரம் ஒன்றாகிவிடுகின்றன.

இந்தப் பானை பல திசைகளில் பயணித்தது. துருக்கியில் கெஷ்கெக், ஆர்மீனியாவில் ஹரிஸா, மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் அலீஸா. ஏமனின் ஹள்ரமவுத் பகுதியிலிருந்து நிஜாமின் படையில் சேர வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஹைதராபாத் பர்காஸில் இன்றும் ஹரீஸ் கிடைக்கிறது. அதனோடு பருப்பும் மசாலாவும் சேர்ந்து வளர்ந்த உறவுதான் ஹலீம்.

தோல் நீங்கிய கோதுமை

ஒரு கோதுமை மணியின் நீளம் சுமார் 6 மி.மீ. அதன் எடையில் ஏறக்குறைய 83 விழுக்காடு உள்ளிருக்கும் வெண்மாவுப் பகுதி, 14 விழுக்காடு தவிடு, மீதி முளை. நம் கண்ணுக்கு ஒரே தோலாகத் தெரியும் தவிடு, உண்மையில் அடுக்கடுக்கான போர்வை. அதில் விதையுறை என்னும் மெல்லிய அடுக்கு மெழுகு போன்ற பொருளால் பூசப்பட்டது. தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. மண்ணில் விழுந்த விதை கண்ட மழைக்கெல்லாம் ஊறிக் கெட்டுவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. தவிட்டின் மற்ற அடுக்குகளில் உள்ள செல்லுலோஸும் அதன் உறவுச் சர்க்கரைச் சங்கிலிகளும் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கரையாதவை.

என் முதல் முயற்சி தோற்றது இங்கேதான். தவிட்டோடு இருக்கும் கோதுமைக்குள் மாவு வெந்தாலும் வெளியே வர வழியில்லை. ஒவ்வொரு மணியும் கட்டிய பைக்குள் வெந்த கஞ்சி. வளைகுடா அங்காடிகளில் ஹரீஸுக்கென்று விற்கும் கோதுமை தோல் தீட்டியது. முன்பெல்லாம் கோதுமையை லேசாக ஈரப்படுத்தி, மர உரலில் குத்திப் புடைப்பார்கள். ஈரம் பட்டால் தவிடு வளைந்துகொடுக்கும் தன்மை பெற்று, உடையாமல் உரிந்து வரும். உள்மணி முழுசாக நிற்கும். நெல்லும் கம்பும் குத்திய கைகளுக்கு இந்த நுட்பம் புதிதல்ல.

நீர் நடக்கும் தூரம்

தோல் போன மணிக்குள்ளும் நீர் ஓடிப் போவதில்லை, ஊர்ந்துதான் போகிறது. உலர்ந்த கோதுமையில் ஈரம் சுமார் 12 விழுக்காடு. ஓர் இரவு ஊறினால் அது 40 விழுக்காட்டை நெருங்கும். இப்படிப் பரவிச் செல்லும் நீருக்கு ஒரு விதி உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. கோதுமையை இரண்டாக உடைத்தால் வேகும் நேரம் பாதிக்கும் கீழே போவது இதனால்தான். சவூதி அரேபியாவின் ஜரீஷ் என்னும் உணவு உடைத்த கோதுமையில் செய்வது. அது ஹரீஸைவிட விரைவில் முடிந்துவிடும்.

அப்படியானால் ஹரீஸுக்கும் கோதுமையை உடைத்துவிடலாமே? செய்யலாம், செய்பவர்களும் உண்டு. ஆனால் உடைந்த துண்டுகளிலிருந்து மாவு உடனே கரைந்து நீரைக் கெட்டியாக்கிவிடும். கறி வேகும் முன்பே அடிப்பிடிக்கத் தொடங்கும். முழு மணி தன் மாவைப் பிந்திய கட்டம்வரை உள்ளே வைத்திருக்கிறது. பானை நீர்த்திருக்கும்வரை கொதியோட்டம் தடையின்றிச் சுழலும், கறி நிதானமாக வேகும். முழு மணியின் தாமதமே இங்கே உதவி.

துகள் வீங்கும் வெப்பநிலை

கோதுமையின் வெண்பகுதியில் மாவுச்சத்து துகள்துகளாக அடைபட்டிருக்கிறது. நுண்நோக்கியில் பார்த்தால் இரண்டு சாதி தெரியும்: அப்பளம் போலத் தட்டையான பெரிய துகள்கள், கடுகு போல உருண்ட சிறிய துகள்கள். சிறியவை 10 மைக்ரானுக்கும் குறைவு. ஒவ்வொன்றுக்குள்ளும் இருவகைச் சங்கிலிகள். கால் பங்கு, நேராக நீளும் அமைலோஸ். முக்கால் பங்கு, கிளைவிட்டுப் படரும் அமைலோபெக்டின். இவை பக்கம் பக்கமாக நெருங்கிப் படிகம்போல் அடுக்கப்பட்டிருப்பதால் குளிர்ந்த நீரால் இவற்றைப் பிரிக்க முடியாது. பச்சை மாவைத் தண்ணீரில் கலக்கினால் கரையாமல் அடியில் தங்குவது இதனால்தான்.

நீர் சுமார் 58 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அந்த அடுக்கு குலையத் தொடங்குகிறது. 65 டிகிரிக்குள் பெரும்பாலான துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கிவிடும். அதற்கு மேலும் சூடேறினால் அமைலோஸ் கசிந்து வெளியே வரும். கூழ் காய்ச்சும்போது ஒரு கட்டத்தில் துடுப்பு திடீரென்று கனக்கிறதல்லவா, அந்த நொடியில் நடப்பது இதுதான்.

கோதுமை என்றதும் குளூட்டன் நினைவுக்கு வரும். ஹரீஸின் இழுவைக்கு அதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுத்தவர்கள், பிழிந்தபின் கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற சக்கையைப் பார்த்திருப்பார்கள். அதுதான் குளூட்டன். ஆனால் அந்த இழுவை வர, கோதுமைப் புரதங்கள் பச்சையாக இருக்கும்போதே நனைந்து பிசைபட வேண்டும். ஹரீஸில் பிசைவதற்கு முன்பே கொதி வந்துவிடுகிறது. முட்டை வெந்து இறுகுவதுபோல் புரதங்கள் இறுகிவிடுகின்றன. ஆகவே ஹரீஸ் இழுபடுவதில் பெரும்பங்கு வேறு இரண்டு பேருடையது. ஒருவர் அவிழ்ந்த மாவுச்சத்து. மற்றவர் இறைச்சியிலிருந்து வருகிறார்.

தசையைக் கட்டிய கயிறு

கசாப்புக் கடையில் ஹரீஸுக்குக் கறி வாங்கும்போது மிருதுவான தொடைத்துண்டைத் தேட வேண்டாம். முன்னங்கால், கழுத்து, தோள்பட்டை என எலும்போடும் சவ்வோடும் இருக்கும் பகுதிதான் உகந்தது. ஆடு நாள் முழுக்க உழைக்கும் தசைகள் அவை. அவற்றின் நார்களைச் சுற்றி உறை, நார்க்கற்றைகளைச் சுற்றி இன்னோர் உறை, முழுத் தசையைச் சுற்றி மேலும் ஒன்று. மூன்றுக்கும் முக்கியக் கட்டுமானப் பொருள் கொலாஜன் என்னும் புரதம்.

கொலாஜன் மூன்று இழைகளை முறுக்கிச் செய்த கயிறு. முறுக்கு இறுக்கமாக அமைவதற்காக ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஓர் இடத்தில் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமர்ந்திருக்கிறது. 60 முதல் 65 டிகிரி வெப்பத்தில் இந்தக் கயிறு சுருங்கித் தசையைப் பிழிகிறது. கறி முதல் அரைமணியில் விறைத்துப் போவதன் காரணம் இது. அங்கே அடுப்பை அணைத்துவிட்டால் மென்று மாளாது. தொடர்ந்து வேகவிட்டால் மணிக்கணக்கில் முறுக்கு அவிழ்ந்து, மூன்று இழைகளும் பிரிந்து நீரில் கரைகின்றன. கரைந்த கொலாஜனின் பெயர் ஜெலட்டின். ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டபின் உதடுகள் ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

வயதான ஆட்டில் இந்த இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் மிகுதி. அவை வெப்பத்துக்கும் எளிதில் மசியாதவை. முற்றிய கறிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடு என்று மூத்தவர்கள் சொல்வது வேதியியல் முறைப்படி முற்றிலும் சரி.

கட்டு அவிழ்ந்த தசை இப்போது தனித்தனி நார்க்கற்றைகளாக நிற்கிறது. தொட்டால் நீளவாக்கில் பிரிந்துவிடும். எலும்பைப் பிடித்து உருவினால் வெறுங்கையோடு வரும். அடிப்பதற்கான நேரம் வந்துவிட்டது என்பதன் அடையாளம் அது.

மரத்துடுப்பின் வேலை

அடிக்கும் மரக்கருவிக்கு மிள்ராப் என்று பெயர். அடித்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். பெரிய அண்டாக்களில் ஆள் உயரத் துடுப்பை இருவர் மூவர் மாறிமாறிப் பிடித்து அடிப்பார்கள். பார்ப்பதற்கு முரட்டு வேலை. நடப்பதோ நுண்ணிய வேலை.

முதலாவது, வீங்கி நிற்கும் மாவுத்துகள்கள் உராய்வில் கிழிந்து, உள்ளிருக்கும் சங்கிலிகளை நீரில் விடுகின்றன. மணிமணியாக இருந்த கோதுமை ஒரே பசையாகிறது. இரண்டாவது, கறியின் நார்க்கற்றைகள் பிரிந்து மெல்லிய நூல்களாகி அந்தப் பசைக்குள் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்கின்றன. களிமண்ணில் வைக்கோல் கலந்து சுவர் எழுப்புவதைப் போன்ற அமைப்பு இது. பசை நூல்களைப் பிடிக்கிறது, நூல்கள் பசையைத் தாங்குகின்றன. கரண்டியில் எடுத்தால் ஹரீஸ் இழை இழையாக நீண்டு வருவதற்கு இந்தப் பின்னலே காரணம். மூன்றாவது, உருகிய கொழுப்பு சிறுசிறு துளிகளாக உடைந்து பரவுகிறது. ஜெலட்டினும் தசைப் புரதங்களும் ஒவ்வொரு துளியையும் போர்த்த, கெட்டியான பசை அவை மீண்டும் ஒன்றுசேராதபடி தடுக்கிறது. மேலே மிதக்க வேண்டிய எண்ணெய், பாலேடு போன்ற வழவழப்பாக உள்ளேயே தங்கிவிடுகிறது.

மிக்ஸியில் ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும். மிக்ஸியின் அலகு வெட்டும், மத்து பிரிக்கும். வெட்டுப்பட்ட நார்கள் தூளாகிப் பின்னல் போய்விடும். எஞ்சிய மாவுத்துகள்களும் மிச்சமின்றிக் கிழிந்து, வாயில் ஒட்டும் பிசினாகிவிடும். கீரையைக் கடைவதற்கும் அரைப்பதற்கும் உள்ள வேறுபாடு நாக்குக்குத் தெரிவதுபோலவே இதுவும் தெரியும்.

குழிக்குள் ஓர் இரவு

நீர்த்த குழம்பில் வெப்பத்தைச் சுமப்பது சுழலும் நீர். அடியில் சூடான நீர் மேலேறும், மேலே ஆறியது கீழிறங்கும். கெட்டிப்பட்டதும் இந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. வெப்பம் பொருளுக்குப் பொருள் கைமாறித்தான் மேலே போக வேண்டும். அது மிக மெதுவான வழி. அடியில் சேரும் சூடு போக்கிடமின்றி ஏறிக்கொண்டே போய், நீர் வற்றி, மாவு கருகும். ஹரீஸில் லேசாக அடிப்பிடித்தாலும் மசாலாவின் மறைப்பு இல்லாததால் அந்த வாடை முழுப் பானையையும் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு அரபு நாட்டுச் சமையல் கண்ட விடை, தரையில் தோண்டிய குழி. கட்டைகளை எரித்துக் கங்காக்கி, பானையை இறக்கி, மூடி, மேலே மண்ணால் அடைத்துவிடுவார்கள். சுடுபட்ட மண் நாலாபுறமும் ஒரே சீராக வெப்பம் தரும். கங்கு தணியத் தணிய அதுவும் தணியும். நீராவிக்கு வெளியேற வழியில்லை. கிளறாமலே விடியும்வரை வேகும்.

பானை பெரிதாக இருப்பதும் உதவி. அகலமும் உயரமும் இருமடங்கான பானையின் கொள்ளளவு எட்டு மடங்கு. வெப்பம் வெளியேறும் புறப்பரப்போ நான்கு மடங்குதான். ஆகவே கல்யாண அண்டா மெதுவாக ஆறும், நெடுநேரம் வேகும். ஆனால் அதை அடிக்க ஒருவர் கை போதாது. ஹரீஸ் ஊர் கூடிச் செய்யும் உணவானதில் விருந்தோம்பலுக்கு எவ்வளவு பங்குண்டோ, இந்தக் கணக்குக்கும் அவ்வளவு பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் வீட்டுக் குக்கரில்

குழிக்கு மாற்றாக வீட்டில் இருப்பது பிரஷர் குக்கர். அதன் உள்ளே நீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவிதி. 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. நான்கு மணி நேர வேலை ஒரு மணியில் முடிகிறது.

5 லிட்டர் குக்கருக்கு இந்த அளவு சரியாக வரும்: தீட்டிய கோதுமை 250 கிராம், எலும்போடு கூடிய கறி 500 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, விரும்பினால் ஒரு துண்டுப் பட்டை. கோதுமை வீங்குவதோடு நுரைக்கவும் செய்யும். ஆகையால் குக்கரின் பாதி அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

கோதுமையை எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். முதலில் கறியை நீரோடு திறந்த குக்கரில் கொதிக்கவிட்டு, மேலே ஒதுங்கும் நுரையை எடுத்துவிடுங்கள். பிறகு கோதுமையும் உப்பும் பட்டையும் சேர்த்து மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயை மிகக் குறைத்து 50 முதல் 60 நிமிடம் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் ஒரு கோதுமை மணியை விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே இன்னும் நீர் போய்ச் சேரவில்லை. மறுபடி மூடி 15 நிமிடம். புள்ளி மறைந்திருந்தால் எலும்புகளையும் பட்டையையும் பொறுக்கிவிட்டு, பருப்பு மத்தால் 15 நிமிடம் கடையுங்கள். கடைசி ஐந்து நிமிடம் சிறுதீயில் வைத்து, அடியைத் துழாவிக்கொண்டே கடைந்தால் பதம் சேரும். கரண்டியிலிருந்து சொட்டாமல் வழிய வேண்டும், அதுவே பதம்.

தட்டில் பரப்பி, நடுவில் குழித்து, சூடான நெய் ஊற்றுங்கள். நீரிலேயே வெந்த இந்த உணவில் வறுவலின் மணம் எழாது. அந்த இடத்தை நிரப்புவது நெய். பட்டையின் மணப்பொருள்களும் கொழுப்பில் நன்கு கரைபவை என்பதால், பட்டைத்தூளை நெய்யின் மேல் தூவினால் மணம் எழுந்து வரும்.

சத்துக் கணக்கிலும் இந்தச் சேர்க்கை பொருத்தமானது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. இறைச்சியில் அது தாராளம். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

ஆறுவதற்குள்

ஹரீஸ் ஆறத் தொடங்கியதும் இதுவரை செய்ததெல்லாம் பின்னோக்கி நகரத் தொடங்கும். ஜெலட்டின் அறை வெப்பத்துக்குச் சற்றுக் கீழே உறையும். பிரிந்த அமைலோஸ் சங்கிலிகள் சில மணி நேரத்திலேயே மீண்டும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து இறுகும்; அமைலோபெக்டின் அடுத்த சில நாட்களில் அதைப் பின்தொடரும். மறுநாள் கத்தியால் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். சூடாக்கினால் ஜெலட்டின் உடனே இளகும். அமைலோஸ் கட்டிய படிகமோ கொதிநீரின் வெப்பத்துக்கும் முழுதாக மசியாது. அதனால்தான் மீந்த ஹரீஸைச் சூடாக்கும்போது வெந்நீர் விட்டு மறுபடி கடைய வேண்டியிருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கொதியிலும் சாகாத சில பாக்டீரியா வித்துகள், உணவு வெதுவெதுப்பாக நிற்கும்போது விழித்துப் பெருகும். கெட்டியான ஹரீஸின் நடுப்பகுதி மிக மெதுவாக ஆறுவதால் அவற்றுக்கு அது தோதான இடம். மீந்ததை அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, விரைவில் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

அதைவிட நல்ல வழி ஒன்றை வளைகுடாவின் பழைய தெருக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. ரமளான் மாலைகளில் மஃரிப் பாங்குக்குச் சற்று முன், மூடிய தட்டுகளோடு பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடப்பார்கள். ஹரீஸ் சிறிய அளவில் நன்றாக வராது, ஆறினால் இறுகும், வைத்திருந்தால் கெடும். பெரிதாகச் செய்து, சூடு இருக்கும்போதே கொடுத்துவிடுவதுதான் அதன் இயல்புக்குப் பொருந்தும். என் இரண்டாவது முயற்சியில் ஹரீஸ் வாய்த்தபோது நானும் அதைத்தான் செய்தேன். கடைந்து முடித்த கையோடு, நெய் உறையும் முன், எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.